ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: பெங்களூரில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்த கையோடு யாராவது ஒருவர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சேலம், ஓசூர், திருநெல்வேலிப் பக்கமிருந்து படிக்க வந்த பிள்ளைகள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் ஒரு தம்பி, பணி ஓய்வு பெற்ற கீழ்வீட்டு மாமா. ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான்: ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து எப்படி வைப்பது. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். லேப்டாப் வாங்கும் முன் உள்ளவை முதலில், போட்டபின் வரும் சிக்கல்கள் பின்னால். அவசரமென்றாலும் "முன்னாடி என்னென்ன எடுத்து வைக்கணும்" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

"டூயல் பூட்னா என்னக்கா? ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமா?"

ஓடாது. ஒரே காம்பவுண்டில் இரண்டு போர்ஷன் மாதிரி, ஒரே டிஸ்க்கில் விண்டோஸுக்கு ஒரு பகுதி, லினக்ஸுக்கு ஒரு பகுதி. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும். லேப்டாப்பை ஆன் செய்ததும் ஒரு மெனு வரும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதுக்குப் போக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான்: டிஸ்க்கின் ஓரத்தில் இ.எஃப்.ஐ. என்ற சின்னப் பகுதி ஒன்று இருக்கும். பல லேப்டாப்களில் அது வெறும் 100 எம்.பி.தான். எந்த சிஸ்டத்தை எப்படி எழுப்புவது என்ற சிறு நிரல்கள் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு கிரப் என்று ஒன்று. கிரப்தான் அந்த மெனுவைக் காட்டுகிறது. பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் இந்தச் சின்னப் பகுதியைச் சுற்றித்தான் நடக்கும், அதனால் பெயரை நினைவில் வையுங்கள்.

"காலேஜ்ல லினக்ஸ் லேப் இருக்காம். அதுக்காக இதெல்லாம் பண்ணணுமா?"

லேப் பயிற்சிக்கு மட்டும் என்றால் வேண்டாம். சி, பைத்தான், ஷெல் கட்டளைகள் பழக விண்டோஸுக்குள்ளேயே டபிள்யு.எஸ்.எல். என்ற வசதி இருக்கிறது, அதில் உபுண்டு (லினக்ஸின் பிரபலமான ஒரு வகை) ஒரு ஆப் போலத் திறக்கும். 16 ஜி.பி. ராம் இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் வெர்ச்சுவல் பாக்ஸில் முழு லினக்ஸையும் ஓட்டலாம். இரண்டிலும் உங்கள் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டியதே இல்லை. என்னிடம் வரும் பல பிள்ளைகளை இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன்.

ரோபாட்டிக்ஸ் படிப்பவர்கள், லினக்ஸின் மையமான கெர்னலில் வேலை பார்ப்பவர்கள், கிராஃபிக்ஸ் கார்டின் முழு பலமும் வேண்டியவர்கள், நாள் முழுக்க லினக்ஸிலேயே இருக்க நினைப்பவர்கள், இவர்களுக்கு டூயல் பூட் தேவை. விண்டோஸை ஏன் விட முடியவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ் தம்பிக்குக் கணக்கு எழுதும் டேலி இருக்கிறது, ஜி.எஸ்.டி.க்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருக்கிறது. மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஆட்டோகேட். அப்படி ஒரு காரணமும் இல்லையென்றால் லினக்ஸை மட்டுமே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

"எஸ்.பி. ரோட்ல வாங்கட்டுமா, ஆன்லைன்லயா? எதைப் பாத்து வாங்கணும்?"

விலை வித்தியாசத்தைவிட, கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் எஸ்.பி. ரோடு எனக்குப் பிடிக்கக் காரணம், அங்கே டெமோ பீஸைத் தொட்டுப் பார்க்கலாம். போகும்போது உபுண்டு ஏற்றிய ஒரு பென்டிரைவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன முறை ஒரு பெண்ணுக்காகப் போயிருந்தோம். கடைக்காரரிடம் "எதையும் இன்ஸ்டால் பண்ண மாட்டோம், பென்டிரைவிலிருந்து பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறோம்" என்று சொன்னதும் அவரே சார்ஜரைச் செருகிக் கொடுத்தார். வைஃபை பட்டியல் வந்தது. ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, கேமராவும் வேலை செய்தது. மூடியைச் சாத்தித் திறந்தோம், திரை கறுப்பாகவே நின்றது. மறுபடி சாத்தினோம், மறுபடி அதேதான். அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்த அலமாரியில் இருந்ததை எடுத்தோம். அது மூடித் திறந்ததும் விட்ட இடத்திலிருந்தே எழுந்தது. வீட்டுக்கு வந்து கண்டுபிடித்திருந்தால் எத்தனை ராத்திரி போயிருக்கும்!

பார்க்க வேண்டியவை: ராம் 16 ஜி.பி. இருந்தால் நல்லது. 8 ஜி.பி. என்றால் பின்னால் கூட்ட முடியுமா, அல்லது போர்டிலேயே ஒட்டியதா என்று கேளுங்கள். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்பது நான் கேட்கும் முதல் கேள்வி. இருந்தால் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி டிஸ்க்கே வைத்துவிடலாம், ஒன்று கெட்டால் மற்றது தப்பும். வைஃபை கார்டு இன்டெல் என்றால் கவலை இல்லை. கைரேகை ஸ்கேனரை நம்பி வாங்காதீர்கள், பல மாடல்களில் லினக்ஸில் அது வேலை செய்யாது.

கிராஃபிக்ஸில் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுக்கும் லினக்ஸுக்குள்ளேயே டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) இருக்கிறது. என்விடியா கார்டு கேமுக்கும் மெஷின் லேர்னிங்குக்கும் தேவைதான், ஆனால் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். தேவையில்லாதவர் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆன்லைனில்தான் வாங்குவீர்கள் என்றால், உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் தாங்கள் சோதித்த மாடல்களின் பட்டியலைத் தளத்தில் வைத்திருக்கிறது, அதில் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

"டாஸ் லேப்டாப்னா ரேட் கம்மின்னு சொல்றாங்க. எடுத்துடலாமா?"

விண்டோஸ் இல்லாமல் வருவதைத்தான் டாஸ் லேப்டாப் என்கிறார்கள். லினக்ஸ் மட்டும் போதும் என்றால் தாராளமாக எடுங்கள். விண்டோஸும் வேண்டும் என்றால், விண்டோஸோடு வருவதையே வாங்குங்கள். அதில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், நாளைக்கு டிஸ்க்கை மாற்றி விண்டோஸை மறுபடி போட்டாலும் அதுவே எடுத்துக்கொள்ளும். டாஸ் லேப்டாப்பில் அந்தக் கீயைத் தனியாக வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வரும் கீக்களை நம்ப வேண்டாம்.

"என் பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறாதாம். அதுல போடலாமாம்மா?"

கீழ்வீட்டு மாமா கேட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மாமாவின் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டோம், லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை ஏற்றினோம். பேரனோடு வீடியோ கால், தினசரி, பஜனைப் பாட்டு, எல்லாம் ஓடுகிறது. அவருக்கு டூயல் பூட்டே தேவைப்படவில்லை.

பழைய விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், பேங்க் வேலையை லினக்ஸ் பக்கம் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று: மிகப் பழைய மெஷின்களில் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (முதன்மைப் பகுதிக்கு) மேல் போட முடியாது. ஏற்கெனவே நான்கு இருந்தால், ஒன்றைக் காலி செய்த பிறகுதான் லினக்ஸுக்கு இடம்.

"மேக்புக்ல முடியுமா? ஸ்னாப்டிராகன் லேப்டாப்ல?"

இந்த இரண்டுக்கும் நான் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். எம் வரிசைச் சிப் வந்த மேக்குகளில் விண்டோஸ் போட உதவும் பூட் கேம்ப் கிடையாது, அதனால் விண்டோஸை டூயல் பூட்டாகப் போட வழியில்லை. லினக்ஸுக்கு அசாஹி என்ற திட்டம் எம்1, எம்2 மெஷின்களில் நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனால் முதல் முறை போடுபவருக்கு அது இடமல்ல. ஸ்னாப்டிராகன் லேப்டாப்களில் இருப்பது வேறு வகைச் சிப், வழக்கமான லினக்ஸ் பென்டிரைவ் அதில் பூட்டே ஆகாது. இன்டெல் அல்லது ஏ.எம்.டி. எடுங்கள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன எடுத்து வைக்கணும்?"

முதலில் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டோ, சான்றிதழ், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்தும் பாருங்கள். பார்ட்டிஷன் வேலை நடக்கும்போது கரண்ட் போனாலும் தாங்கும்படி பேட்டரி முழுசாக ஏறியிருக்கட்டும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதை அழுத்திச் சொல்கிறேன். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கலாம், ஹோம் பதிப்பிலும்கூட. அதற்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புக் கீ உண்டு. ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி வந்தான், மறுநாள் காலை ப்ராஜெக்ட் ரிவ்யூ. யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான நிரல்களை மட்டும் எழவிடும் காவலை, ஆஃப் செய்திருக்கிறான். நீலத் திரை, கீயைக் கேட்கும் ஒரு நீளக் கட்டம். அப்படி ஒரு கீ இருப்பதே அவனுக்குத் தெரியாது. லேப்டாப்பை முதன்முதலில் செட் செய்தது அவன் அக்கா, அவர் கணக்கில். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு அவரை எழுப்பி, அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தைத் திறந்து ஆறாறு எண்ணாகப் படிக்கப் படிக்க இவன் தட்டினான். எட்டாவது ஆறு தட்டி முடித்ததும் விண்டோஸ் லோகோ வந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த அக்கா அன்றைக்குப் போனை எடுக்காமல் இருந்திருந்தால் ஆறு மாத வேலை போயிருக்கும். எனவே கீயை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, பூட்டு முழுவதும் அவிழும்வரை காத்திருங்கள். அது ஆனில் இருந்தால் உபுண்டு இன்ஸ்டாலர் விண்டோஸின் பக்கத்தில் இடம் பிரித்துத் தராது.

கடைசியாக, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைக் கண் மூடிக் கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் டிஸ்க்கில் எழுதினால் ஃபைல்கள் கெடும்.

"எவ்வளவு இடம் ஒதுக்கணும்? ஷ்ரிங்க் பண்ணப் போனா கொஞ்சம்தான் தருது."

உபுண்டு 25 ஜி.பி. இருந்தால் போதும் என்கிறது, ஆனால் அதில் குடும்பம் நடத்த முடியாது. 512 ஜி.பி. டிஸ்க்கில் 100 முதல் 150 ஜி.பி. வரை கொடுங்கள். விண்டோஸ் பகுதியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள், அதன் வீட்டை அதுவே ஒதுங்க வைத்துக் கொடுக்கட்டும். பிரிந்து வரும் இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள், அதற்கு டிரைவ் எழுத்தும் பெயரும் வைக்க வேண்டாம்.

குறைவாகத் தருகிறது என்றால், நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி சுருக்குங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

"பென்டிரைவ் போட்டும் நேரா விண்டோஸ்தான் வருது!"

பென்டிரைவில் ஐ.எஸ்.ஓ. ஃபைலை (டவுன்லோட் செய்த லினக்ஸ் ஃபைல்) சும்மா காப்பி செய்திருந்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற நிரல் வழியாக எழுத வேண்டும், 8 ஜி.பி. பென்டிரைவ் போதும். உபுண்டு 24.04 போன்ற எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்பையே எடுங்கள், ஐந்து வருடம் அப்டேட் வரும்.

சரியாக எழுதியும் வரவில்லை என்றால், ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்ட வேண்டும். டெல், லெனோவாவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்ய வேண்டியிருக்கும். கை வேகம் போதவில்லை என்றால் விண்டோஸில் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள், வரும் நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்பதில் பென்டிரைவ் இருக்கும்.

"இன்ஸ்டாலர்ல என் எஸ்.எஸ்.டி.யே தெரியலையே, டிஸ்க் போச்சா?"

போகவில்லை. சில இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க் ஆர்.எஸ்.டி. என்ற முறையில் இருக்கும், லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அது தெரியாது. பயாஸில் அதை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். முதலில் விண்டோஸில் எம்.எஸ்.கான்ஃபிக்கை (msconfig) திறந்து சேஃப் மோடில் எழும்படி வைத்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை எழவிட்டு, பிறகு அந்த டிக்கை எடுங்கள். பயாஸைத் தொடுவதால் பிட்லாக்கர் கேட்கும், 48 இலக்கக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

"எரேஸ் டிஸ்க், அலாங்சைடு, மேனுவல்னு மூணு காட்டுது. எதைத் தட்டணும்?"

"எரேஸ் டிஸ்க்" மட்டும் வேண்டாம், விண்டோஸோடு எல்லாம் போய்விடும். ஒரே டிஸ்க் என்றால் "அலாங்சைடு", அதாவது விண்டோஸின் பக்கத்திலேயே. இரண்டு எஸ்.எஸ்.டி. இருந்தால் மேனுவல் எடுத்து, எந்த டிஸ்க் எது என்று அளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போடுவதுதான் என் வழக்கம்.

என்விடியா கார்டு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்யத் தேவையில்லை, உபுண்டு அதோடு ஒத்துப்போகும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும், அதில் "என்ரோல் மோக்" என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்து "கன்டின்யூ பூட்" தட்டிவிட்டால் டிரைவர் ஏறாது, திரை மங்கலாகவோ பெரிதாகவோ நிற்கும்.

"லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோஸ்ல டைம் தப்பா வருது. காலைல பத்து மணிக்கு நாலரை காட்டுது."

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம், இல்லையா? லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. பேட்டரி கெட்டுவிட்டது என்று போர்டைத் திறக்கக் கொடுக்காதீர்கள். லினக்ஸ் டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" (timedatectl set-local-rtc 1) என்ற ஒரே வரியை ஆங்கிலத்தில் தட்டினால் போதும், லினக்ஸும் இந்திய நேரத்தையே எழுதத் தொடங்கும்.

"விண்டோஸ் அப்டேட் ஆனதும் மெனுவே வரலை. லினக்ஸ் அழிஞ்சிடுச்சா?"

அநேகமாக இல்லை. முதல் பதிலில் சொன்ன இ.எஃப்.ஐ. பகுதியில் கிரப் அப்படியே இருக்கும், பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்து நின்றிருக்கும். பயாஸில் போய் உபுண்டுவை மேலே தூக்கி வையுங்கள். மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லை என்றால் அது வேறு விஷயம். கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. கிரப்பின் செட்டிங்ஸ் ஃபைலில் அதை அனுமதித்து, "அப்டேட்-கிரப்" (update-grub) கட்டளையை ஓட்டுங்கள்.

நிஜமாகவே அப்டேட்டால் நின்றதும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடுத்ததால் பலருடைய டூயல் பூட் மெஷின்களில் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று வந்து நின்றது. லினக்ஸைத் தவறாமல் அப்டேட் செய்யுங்கள், இன்ஸ்டால் பென்டிரைவை அழிக்காமல் வையுங்கள். இரண்டும் இருந்தால் இதிலிருந்து மீளலாம்.

"ரெண்டு பக்கமும் ஒரே ஃபைலைத் திறக்கணும்."

லினக்ஸால் விண்டோஸ் பகுதியைப் படிக்க முடியும், எழுதவும் முடியும். விண்டோஸால் லினக்ஸ் பகுதியை இயல்பாகப் படிக்க முடியாது. பொதுவாக என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் முறையில் ஒரு பார்ட்டிஷன் வைத்து, இரண்டுக்கும் தேவையான ஃபைல்களை அதில் போடுங்கள். "ரீட் ஒன்லி" என்று வந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது, பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"லினக்ஸ்ல தமிழ் டைப் பண்ண முடியுமாக்கா?"

நன்றாகவே முடியும், இந்தப் பக்கம் முழுவதும் அப்படித் தட்டியதுதான். ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். ஒரு முறை லாக் அவுட் செய்து வந்தால்தான் பட்டியலில் தெரியும். நோட்டோ, லோஹித் எழுத்துருக்களில் தமிழ் தெளிவாக இருக்கும். விண்டோஸ் பக்கத்திலும் தமிழ்99-ஐ வைத்துக்கொண்டால் விரல் குழம்பாது.

"ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்ல போட்டுக்கலாமா?"

கூடாது. அது உங்கள் பொருள் அல்ல. ஐ.டி. பிரிவின் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் அவர்களே போட்டுத் தரட்டும்.

"பிடிக்கலைன்னா லினக்ஸை எடுத்துடலாம்ல? பார்ட்டிஷனை டெலீட் பண்ணா போதுமா?"

அதை மட்டும் செய்தால் மறுநாள் காலை கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்று நிற்கும். வரிசை இதுதான்: முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டு வந்து, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை அழித்து, அந்த இடத்தை விண்டோஸோடு சேருங்கள். இ.எஃப்.ஐ. பகுதியை மட்டும் தொடாதீர்கள், விண்டோஸ் எழுவதும் அதிலிருந்துதான். அதற்குள் உபுண்டு என்ற பெயரில் ஒரு சின்ன ஃபோல்டர் மிச்சம் இருக்கும், அது கிடந்தால் ஒன்றும் ஆகாது. லினக்ஸ் பக்கம் ஹோம் ஃபோல்டரில் உங்கள் ஃபைல்கள் இருந்தால், இதற்கெல்லாம் முன்பே அவற்றை எடுத்து வைத்திருக்க வேண்டும்.